லுட்விக்ஸ்பர்க் பூசணித் திருவிழா: படகுப் போட்டி நாளில் போனால்தான் முழுசாகப் பார்த்த மாதிரி

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலரும் செப்டம்பர் வந்தால் கேட்கிற கேள்வி, லுட்விக்ஸ்பர்க் பூசணிக் கண்காட்சிக்குப் போகலாமா, காசுக்கு ஈடாக ஏதாவது இருக்கிறதா என்பது. போகலாம். ஆனால் எந்த நாளில் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இதற்கு முன் இரண்டு முறை சாதாரண நாட்களில் போயிருக்கிறேன், இரண்டு முறையும் நன்றாகத்தான் இருந்தது, சுற்றிப் பார்த்தோம், படம் எடுத்தோம், சூப் குடித்தோம், வந்தோம். இந்த முறை ராட்சதப் பூசணியைக் குடைந்து படகாக்கி அதில் ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். இனிமேல் யார் கேட்டாலும் அந்த நாளைப் பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த முறை அம்மாவும் கூட இருந்தார். பென்னாகரத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். அம்மாவின் சித்தப்பா ஒகேனக்கல்லில் வருடக்கணக்காகப் பரிசல் ஓட்டியவர். அதை ஏன் சொல்கிறேன் என்பது போட்டியைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதலில் இடம். லுட்விக்ஸ்பர்க் அரண்மனை 1704-இல் கட்டத் தொடங்கியது, 18 கட்டடங்கள், 452 அறைகள். அதைச் சுற்றியுள்ள பெரிய தோட்டத்துக்கு ப்ளூயெண்டஸ் பரோக் என்று பெயர். 1954-இல் அரண்மனைக்கு 250 வயது ஆனபோது தோட்டக் கண்காட்சியாகத் திறந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. பூசணிக் கண்காட்சி 2000-லிருந்து நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து இலையுதிர்காலம் நெடுக இருக்கும். தோட்டத்துக்கு வாங்குகிற டிக்கெட்டிலேயே பூசணிக் கண்காட்சியும் குழந்தைகளுக்கான தேவதைக் கதைத் தோட்டமும் சேர்ந்துவிடும். அரண்மனைக்குள்ளே போக வேண்டும் என்றால் அது தனி டிக்கெட், தனி நேரம். ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம், கால் தாங்காது.

ஸ்டுட்கார்ட் ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து, அதாவது மத்திய ரயில் நிலையத்திலிருந்து, எஸ்4, எஸ்5 என்ற இரண்டு புறநகர் ரயில்களுமே போகும். கால் மணி நேரம்தான். ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் மெதுவாக நடந்தால் இன்னொரு கால் மணி நேரம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நாங்கள் பஸ் பிடித்தோம். ஞாயிறு காலை பஸ் காலியாகத்தான் இருந்தது.

கண்காட்சியைப் பற்றி ஏற்பாட்டாளர்கள் சொல்லும் கணக்கு சுமார் 4,50,000 பூசணிகள், 600 ரகங்களுக்கு மேல். நுழைந்தவுடன் அந்த எண்ணிக்கையை நம்பிவிடுவீர்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய உருவங்கள், மரச்சட்டத்தில் ஒவ்வொரு பூசணியாக அடுக்கிச் செய்தவை. ஒவ்வொரு வருடமும் ஒரு கருப்பொருள் வைத்துப் புதிதாகச் செய்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையும் வண்ணம் தீட்டின மாதிரி இருக்கும், கிட்டே போனால் எல்லாமே காயின் சொந்த நிறம். எனக்குப் பிடித்தது அந்த உருவங்களைவிட ரகங்களை வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருக்கும் பகுதி. தலைப்பாகை கட்டின மாதிரி ஒன்று, உடம்பெல்லாம் மரு முளைத்தது ஒன்று, அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைந்தது ஒன்று. அம்மா ஒவ்வொன்றின் முன்பும் நின்று, "இது நம்ம பரங்கிதான், இது நம்ம ஊர்ச் சுரைக்காய் மாதிரி, இது என்னன்னு தெரியலயே" என்று வகை பிரித்துக்கொண்டே வந்தார். பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால்தான் பரங்கிக்காய் என்று நாம் சொல்கிறோம், அமெரிக்கக் கண்டத்துப் பயிர் இது என்று மகளுக்குச் சொன்னேன். அப்போ மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையில் குத்தி வைக்கிற பூவும் வெளியூரா என்று அவள் பாட்டியைக் கேட்டாள். பாட்டி, "வந்தது எங்கேயிருந்தா இருந்தா என்ன கண்ணு, இப்ப நம்ம கொல்லையில காய்க்குது இல்ல" என்றார்.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

தோட்டத்தின் தெற்குப் பகுதியில், அரண்மனைக்கு எதிரே உள்ள குளத்தில்தான் நடக்கிறது. குளம் ரொம்பப் பெரிதில்லை, அதனால் எங்கே நின்றாலும் படகு தெரியும். ஆனால் கரையோரம் இடம் பிடித்தால்தான் முகமும் கையும் தெரியும். நாங்கள் ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டோம், அது சரியாகப் போனது. போட்டி ஆரம்பிக்கும்போது பின்னால் நான்கு வரிசை ஆள் நின்றார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள். நாங்கள் பார்க்காமல் நின்றதால் தண்ணீரில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் வந்தது, பாதி நேரம் கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

தொடங்கும் முன் கரையில் கிடந்த படகுகளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தோம். இதைத் தவறவிடாதீர்கள். அட்லாண்டிக் ஜயண்ட் என்கிற ரகம் இது. கடையில் பார்க்கிற உருண்டைப் பூசணி மாதிரி இருக்காது. தன் எடை தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து, தரையில் பட்ட பக்கம் தட்டையாகி, பெரிய மூட்டையைப் போட்டு வைத்த மாதிரி கிடக்கும். மேல்பக்கம் ஒரு ஆள் இறங்கி உட்காரும் அளவுக்கு வெட்டி, உள்ளே இருக்கிற நாரும் விதையும் வழித்து எடுத்திருந்தார்கள். வெட்டின விளிம்பில் சதை ஒரு சாண் தடிமன் இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், பச்சைத் தேங்காய்ப் பருப்பு மாதிரி கெட்டி. உள்ளே குனிந்தால் வெள்ளரிக்காய் நறுக்கின வாசனை, கூடவே கொஞ்சம் மண் வாசனை. அடியில் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்து தேங்கியிருந்தது, ஒருவர் கடற்பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் படகு செய்கிறவர்கள் முதலில் முழுப் பூசணியைத் தண்ணீரில் விட்டு, அது தானாக எந்தப் பக்கம் மேலே வைத்து மிதக்கிறது என்று பார்த்துக் குறி போட்டுக்கொள்வார்கள், அப்புறம்தான் வெட்டுவார்கள். உள்ளே ஏற்கெனவே வெற்றிடம் இருப்பதால் இவ்வளவு எடையிலும் பூசணி மிதக்கும். அடிப்பக்கம் சதையைக் கனமாக விட்டு, மேல்பக்கம் மட்டும் மெல்லிசாக்கினால் பாரம் கீழே நிற்கும், கவிழ்வது குறையும். நம் ஊரில் தோணி செய்கிறவர்கள் அடியில் பாரம் வைப்பதன் காரணமும் இதுதான்.

முதல் சுற்று ஆரம்பித்தது. இரண்டு இளைஞர்கள், இரண்டு பேரும் நல்ல பலசாலிகள். விசில் அடித்தவுடன் இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு என்று இரண்டு பக்கமும் இலை உள்ள துடுப்பால் முழு வேகத்தில் போட்டார்கள். பூசணி முன்னால் போகவே இல்லை. இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் போட்டால் இடப்பக்கம் திரும்புகிறது, நின்ற இடத்திலேயே ஊசலாடுகிறது. ஒருவர் முழுச் சுற்று சுற்றி, கிளம்பின கரையைப் பார்த்து நின்றார். கரையில் ஒரே ஆரவாரம். அம்மா மட்டும் சிரிக்காமல் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, இது பரிசல்டா" என்றார். "பக்கத்துல போட்டா சுத்தத்தான் செய்யும். முன்னால நீட்டி, தண்ணிய தன் பக்கம் வாரி இழுக்கணும். எங்க சித்தப்பா அப்படித்தான் போடுவாரு."

அதற்குப் பிறகு எனக்குப் போட்டியே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பரிசலுக்கும் இதற்கும் முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, கூர்மையான மூக்கு இல்லை, தண்ணீரைப் பிளந்து நேராகப் போகும் அமைப்பு இல்லை. நீளமான படகில் பக்கவாட்டில் போடுகிற வீச்சு படகை முன்னே தள்ளும், வட்டமான ஒன்றில் அதே வீச்சு அதைச் சுழற்றத்தான் செய்யும். அதனால் பலம் இங்கே எதிரி. மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் வந்தார், தலையில் பூசணித் தொப்பி. உட்காராமல் முட்டி போட்டு உட்பக்கம் நன்றாக ஒட்டிக்கொண்டார். துடுப்பைப் பெரிதாக வீசவே இல்லை. முன்னால் சின்னச் சின்னதாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, பால் ஆற்றுகிற மாதிரி நிதானமாக. அம்மா என் கையைப் பிடித்து, "இந்தம்மாதான் ஜெயிக்கும் பாரு" என்றார். எதிராளி பாதிக் குளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது இவர் கரை ஏறிவிட்டார். அம்மா கைதட்டின சத்தத்தில் பக்கத்தில் இருந்த ஜெர்மன் பாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லிச் சிரித்தார். அம்மாவும் தமிழிலேயே பதில் சொன்னார். அதற்கு அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேரும் சைகையில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள், பெரும்பாலும் அம்மா சொன்னது சரியாக இருந்தது.

ஆள் உட்கார்ந்த பிறகு பூசணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் இருக்கும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் தண்ணீர் உள்ளே வழிந்துவிடும், வழிந்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் படகு இன்னும் சாயும். அப்படி ஒருவர் மெதுவாக, கையை மேலே தூக்கியபடியே மூழ்கினார். எல்லோருக்கும் மிதவைச் சட்டை போட்டிருந்ததால் பயமில்லை. பூசணி மூழ்கவில்லை, பக்கவாட்டில் திரும்பி மிதந்துகொண்டே இருந்தது.

சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். படகைத் திருப்பிக் கொண்டுவந்து, தண்ணீர் இறைத்து, அடுத்த ஆளை உட்கார வைக்க நேரம் ஆகும். சின்னக் குழந்தைகள் அந்த நேரத்தில் நச்சரிப்பார்கள், கையில் ஏதாவது கொறிக்க வைத்துக்கொள்ளுங்கள். வர்ணனை ஜெர்மனில்தான், அதுவும் இந்தப் பகுதியின் வட்டார வழக்கான ஸ்வாபியப் பேச்சு கலந்து. எனக்கே பாதிதான் பிடிபட்டது, ஆனால் இந்தப் போட்டிக்கு மொழி தேவையில்லை.

இவ்வளவு பெரிய காய் எப்படி வருகிறது என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் விண்ட்சர் என்ற ஊரில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல வருடம் விதை தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம்தான் அட்லாண்டிக் ஜயண்ட். இன்றைக்கு உலகத்தில் எங்கே ராட்சதப் பூசணி வளர்ந்தாலும் அதன் பாட்டன் அங்கேதான் இருப்பான். அந்த விண்ட்சரில் 1999-லிருந்தே பூசணிப் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்து டுவாலட்டினில் 2004-இல் தொடங்கினார்கள். வளர்க்கிறவர்கள் ஆண் பூவைப் பறித்துத் தங்கள் கையாலேயே பெண் பூவில் மகரந்தம் தொட்டு வைப்பார்கள், ஒரு கொடியில் ஒரே ஒரு காயை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள், வெயிலில் தோல் காயாமல் பந்தல் போடுவார்கள். உச்ச வளர்ச்சியில் ஒரு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல் ஏறும் என்பதை அம்மாவுக்குச் சொன்னபோது, "ஒரு நாளைக்கு ஒரு அரிசிச் சிப்பம் ஏறுதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இந்தத் தோட்டத்துக்கு அந்த வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு. அக்டோபரில் இங்கே எடை போடும் போட்டி நடக்கும். 2014-இல் ஸ்விட்சர்லாந்தின் பெனி மெயர் கொண்டுவந்த பூசணி 1,054 கிலோ, அன்றைக்கு உலக சாதனை. இரண்டு வருடம் கழித்து 2016-இல் பெல்ஜியத்தின் மத்தியாஸ் வில்லெமைன்ஸ் இங்கேயே 1,190 கிலோவுக்கு மேல் எடை போட்டு அதையும் தாண்டினார். பின்னால் வேறு ஊர்களில் அதையும் தாண்டிவிட்டார்கள், இருந்தாலும் ஒரு டன்னைத் தாண்டின காயைப் போர்க்லிப்டில் தூக்கித் தராசில் வைப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. அங்கே ஒரு விதி ரொம்பக் கறார்: தோலில் விழுந்த ஒரு விரிசல் உள் வெற்றிடம் வரை போயிருந்தால், எவ்வளவு எடை இருந்தாலும் காய் போட்டியில் இல்லை. ஐந்து மாத உழைப்பு ஒரு கீறலில் போய்விடும்.

சாப்பாடு. பூசணி சூப்பை முதலில் குடியுங்கள். மேலே கரும்பச்சையாக நான்கைந்து சொட்டு பூசணி விதை எண்ணெய் விடுவார்கள், அது கலக்காமல் வட்ட வட்டமாக நிற்கும். கலக்கிவிடாமல் அந்த வட்டத்தோடு சேர்த்து ஒரு கரண்டி எடுத்தால் வறுத்த நிலக்கடலை வாசனை வரும், அதற்காகவே இரண்டாவது கிண்ணம் வாங்கினோம். அம்மா பையில் வைத்திருந்த மிளகுத்தூளைக் கொஞ்சம் தூவிக்கொண்டார், அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. மவுல்டாஷன் என்பது ஸ்வாபியர்களின் பெரிய கொழுக்கட்டை மாதிரி, உள்ளே பூரணம் வைத்து வேகவைத்தது. பூசணிப் பூரணம் வைத்ததை வாங்கினோம், மகள் முழுசாகச் சாப்பிட்டாள். சைவம் பார்க்கிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும், மவுல்டாஷனுக்குள் வழக்கமாக இறைச்சிதான் இருக்கும். ஒரு கடையில் வாங்கிய வறுவல் மட்டும் எண்ணெய் குடித்து ஆறிப்போய் இருந்தது, மதியக் கூட்டத்தில் அடுக்கி வைத்துவிட்டார்கள் போல. பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட்டால் வரிசையும் இல்லை, சூடும் இருக்கும். இனிப்பான பானம் கையில் இருந்தால் குளவி வரும், செப்டம்பரில் இங்கே அது சகஜம். டம்ளரை மூடி வையுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் உள்ளே பாருங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்வது நல்லது.

விற்பனைப் பகுதியில் என்ன வாங்குவது என்பதில் நம் சமையலுக்கு ஏற்ற மாதிரி யோசிக்க வேண்டும். ஹொக்கைடோ சின்னதாக, செக்கச் சிவந்த ஆரஞ்சில் இருக்கும், தோல் சீவ வேண்டாம். ஆனால் அது மாவாக வேகும், கிழங்கு மாதிரி. சாம்பாரில் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். கடுகு, மிளகாய் தாளித்துத் தண்ணீர் தெளித்துப் பொரியல் செய்தால் அருமை. சாம்பாருக்கும் புளிக்குழம்புக்கும் மஸ்கட் டி ப்ரொவான்ஸ் வாங்குங்கள், வெளியே வரிவரியாகப் பள்ளம் விழுந்து, பழுக்கப் பழுக்கச் செம்பழுப்பாக மாறும் பெரிய காய். நம்ம பரங்கிக்குக் கிட்ட வருவது அதுதான், நீர்ச்சத்தும் இனிப்பும் சேர்ந்து இருக்கும். முழுக் காய் தூக்க முடியாது என்றால் கீற்றாக வெட்டி விற்பதைத் தேடுங்கள்.

அழகுக்கு விற்கிற சின்னச் சின்னக் காய்களைச் சமைக்கவே கூடாது, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் குகர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு, வேகவைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நம் வீடுகளில் சுரைக்காயும் வெள்ளரியும் நறுக்கும்போது ஒரு நுனியை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை எந்தப் பூசணிக்கும் விடாதீர்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள்.

சரளைக்கல் பாதைகள் உண்டு, தள்ளுவண்டி கொண்டுபோகிறவர்கள் பெரிய சக்கரம் உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு உட்கார ஆங்காங்கே பெஞ்சு இருக்கிறது, போட்டி நாளில் மட்டும் குளத்தின் பக்கம் கிடைக்காது. நாங்கள் மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போனோம், அம்மாவுக்கு அதுதான் உதவியது. தேவதைக் கதைத் தோட்டத்துக்குச் சிறு குழந்தைகள் இருந்தால் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோபுரத்திலிருந்து ரபுன்சல் பின்னலை இறக்கிவிடுவதை மகள் ஐந்து முறை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே அம்மா மஸ்கட் கீற்றில் பாதியைப் புளிக்குழம்பு வைத்தார். விதையைக் கழுவி ஜன்னலோரம் காகிதத்தில் உலர வைத்திருக்கிறார், ஊருக்குக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டில் போட்டுப் பார்க்கப் போகிறாராம். அக்டோபரில் எடை போடும் நாள் அவர் கிளம்புவதற்கு முன் வருகிறதா என்று நேற்றிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார். தேதியைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.